பழைய பெயரில் வரும் புது நோய்

கரிசல் காட்டில் ஆட்டுக்கு மூக்கு ஒழுகினால் யாரும் பதறுவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்து, தொழு சொதசொதவென்று ஊறிக் கிடக்கும்போது நாலு குட்டிக்குச் சளி பிடிக்கத்தான் செய்யும். குளத்தூர், விளாத்திகுளம், புதூர் வட்டாரத்தில் ஆடு வளர்க்கும் எவரைக் கேட்டாலும் "மழைச் சளி அண்ணாச்சி, ரெண்டு நாள்ல சரியாப் போயிரும்" என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் போகும். சரியாகப் போகாத சில முறைகளைப் பற்றியது இந்த அத்தியாயம்.

முதலில் இந்த மண்ணில் ஆடு என்ன இடத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். மானாவாரி நிலம். பருவ மழை ஒழுங்காகப் பெய்தால் உளுந்தும் பாசியும் சோளமும் மிளகாயும் வீடு வந்து சேரும். மழை பொய்த்தாலும், அறுக்கும் நேரத்தில் கொட்டித் தீர்த்தாலும் போட்ட முதல் மண்ணோடு போய்விடும். அந்த ஆண்டுகளில் பள்ளிக் கட்டணத்தையும் கல்யாணச் செலவையும் ஆஸ்பத்திரிச் செலவையும் சுமப்பவை ஆடுகள். வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுகள் கொண்ட வேம்பூர் செம்மறியும், கருப்பு முகத்தில் இருபுறமும் கோடு இழுத்த கன்னி ஆடும், நெட்டைக் கால்களோடு கரும்போரை, செம்போரை என்று இரண்டு நிறத்தில் வரும் கொடி ஆடும் இந்த வறண்ட நிலத்திலேயே உருவாகி நிலைத்த இனங்கள். சீமைக்கருவேல நெற்றையும் காய்ந்த தட்டையையும் தின்று உயிர் பிழைக்கும் திறன் அவற்றுக்கு உண்டு. ஆனால் இதுவரை பார்த்திராத ஒரு வைரஸ் வந்தால் அந்த உறுதியும் கைகொடுப்பதில்லை.

அப்படி ஒரு வைரஸ் இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது தமிழ்நாட்டில்தான். 1987-ஆம் ஆண்டு, அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்திலுள்ள அரசூர் என்ற ஊரில் செம்மறிகள் நோயில் விழுந்தன. கடுங்காய்ச்சல், கண்ணில் பீளை, வாயில் புண், நாற்றமடிக்கும் கழிச்சல். இந்த அறிகுறிகளுக்கு இந்தியக் கால்நடை மருத்துவத்தில் வெகுகாலமாகப் பழகிய ஒரு பெயர் இருந்தது: வெக்கை நோய். மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற அந்த நோய் சில நேரம் ஆடுகளுக்கும் வரும் என்று பாடப்புத்தகத்திலேயே எழுதியிருந்தது. ஆகவே அரசூரில் கண்டதை வெக்கை என்று எழுதி, கோப்பை மூடியிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

அப்படி மூடப்படவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த எம்.எஸ். ஷைலாவும் அவரோடு பணியாற்றிய ஆய்வாளர்களும் அந்த வைரஸை ஆராய்ந்து, இது வெக்கை வைரஸ் இல்லை, அதன் நெருங்கிய பங்காளி என்று 1989-இல் அறிவித்தார்கள். 1942-இல் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட அந்த நோய்க்கு இன்று நம்மிடம் இருக்கும் பெயர் ஆட்டுக்கொல்லி. மாட்டுக்குள் இந்த வைரஸ் நுழைந்தாலும் நோயாக வெளிப்படுவதில்லை, மற்றவற்றுக்குப் பரவுவதும் இல்லை. வெள்ளாட்டையும் செம்மறியையுமே அது வீழ்த்தும்.

அரசூர் முடிவு வெளிவந்தபின் ஒரு சங்கடமான கேள்வி எழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஆடுகளில் வெக்கை என்று பதிவானவற்றில் எத்தனை உண்மையில் ஆட்டுக்கொல்லி? இதற்கு இனி யாராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. மாதிரிகள் இல்லை, ஆடுகளும் இல்லை. 1990-களின் நடுவில் வட இந்தியாவிலும் நோய் வெடித்தபோதுதான் இது தென்னாட்டோடு நிற்கும் விவகாரம் இல்லை என்பது தெளிவாயிற்று.

இதில் யாரையும் குற்றம் சொல்ல நான் வரவில்லை. நமக்கு ஏற்கெனவே பெயர் தெரிந்ததைத்தான் நம் கண் முதலில் பார்க்கும். புதிதாக ஊருக்குள் வரும் எந்த நோயும் ஏற்கெனவே இருக்கும் ஏதோ ஒரு நோயின் சாயலில்தான் வருகிறது. ஆட்டுக்கொல்லி சளியாகவும் வெக்கையாகவும் வந்தது. பறவைக் காய்ச்சல் வெள்ளைக்கழிச்சலாக வருகிறது. 2019-இல் ஒடிசாவில் இந்தியாவுக்குள் தலைகாட்டிய தோல் கழலை நோயை, மாட்டின் உடம்பில் கட்டி கட்டியாக எழும்பியதைப் பார்த்துப் பலரும் அம்மை என்றார்கள். ஆகவே "இது என்ன நோய்?" என்ற கேள்வியை ஆடு வளர்ப்பவர் மேல் சுமத்துவது நியாயமில்லை. அவரிடம் கேட்க வேண்டியது வேறு: "இது வழக்கமாக வருவது மாதிரி இருக்கிறதா, இல்லையா?" இந்தக் கேள்விக்கு உலகத்தில் எந்த ஆய்வகத்தைவிடவும் முந்திப் பதில் சொல்லக்கூடியவர் அவர்தான். தினமும் அந்த மந்தையின் பின்னால் நடப்பவர் அவர்.

வழக்கத்திலிருந்து எங்கே விலகுகிறது என்று பார்க்க, ஒரு ஆட்டை அருகில் நிறுத்திக் கவனிக்கலாம். மழைச் சளி பிடித்த ஆடு தும்மும், இருமும், ஆனால் மேயும். சாயங்காலம் அசை போடும். ஆட்டுக்கொல்லி கண்ட ஆடு முதல் நாளே மேய்ச்சலை நிறுத்திவிடும். மந்தையின் கடைசியில் பின்தங்கி, முடி சிலிர்த்து, தலையைத் தொங்கப் போட்டு நிற்கும். காய்ச்சல் 104, 105 டிகிரிக்கு மேல் ஏறும். மூக்கிலிருந்து முதலில் தண்ணீராக வடிவது ஓரிரு நாளில் கெட்டியான மஞ்சள் சளியாகி, காய்ந்து, துவாரத்தை அடைத்துக்கொள்ளும். கண்ணில் பீளை தள்ளி இமைகள் ஒட்டிக்கொள்ளும். இப்போது வாயைத் திறந்து பார்க்க வேண்டும். கீழுதட்டை மெல்ல விலக்கினால் ஈறு செக்கச் செவேலென்று இருக்கும். அதன்மேலும் கன்னத்தின் உட்புறத்திலும் நாக்கின் அடியிலும் வெளிறிய, தவிட்டைத் தூவியது போன்ற படலம் படிந்திருக்கும். விரலால் தேய்த்தால் அது உரிந்து, அடியில் சிவந்த புண் தெரியும். வாயிலிருந்து அழுகல் நாற்றம் வீசும். அடுத்து வருவது கழிச்சல், அதன்பின் மூச்சிரைப்பு. சினை ஆடுகள் குட்டி வீசும். இத்தனையும் ஒரு ஆட்டோடு நிற்காமல், சில நாள் இடைவெளியில் நாலைந்து ஆடுகளில் தெரிந்தால் அது மழைச் சளி இல்லை.

வாயைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அடுத்த ஆட்டைத் தொடக்கூடாது. இதைச் சொல்ல மருத்துவர் வேண்டியதில்லை. இந்த வைரஸ் உடம்புக்கு வெளியே வெகுநேரம் தாங்காது. வெயிலும் சோப்பும் சுண்ணாம்பும் அதைக் கொன்றுவிடும். அதன் பலமெல்லாம் ஆட்டுக்கு ஆடு மூக்கும் மூக்கும் உரசும் நெருக்கத்தில் இருக்கிறது.

அந்த நெருக்கத்தை நாம்தான் ஏற்படுத்திக் கொடுக்கிறோம். எட்டயபுரத்தில் சனிக்கிழமை தோறும் கூடும் ஆட்டுச் சந்தைக்குத் தென் மாவட்டங்கள் முழுவதிலிருந்தும் ஆடு வருகிறது. தீபாவளி, பக்ரீத் நெருங்கினால் கால் வைக்க இடமிருக்காது. ஒரு சனிக்கிழமை அங்கே நோய் தொற்றிக்கொண்ட ஆட்டை ஒருவர் வாங்கிக்கொண்டு குளத்தூர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நோய் வெளியே தெரிய நாலைந்து நாளாகும். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் ஆடு நன்றாக மேயும். ஊருணியில் மற்ற ஆடுகளோடு தண்ணீர் குடிக்கும். புதனோ வியாழனோ காய்ச்சல் தொடங்கும். அதற்கிடையில் அதே சந்தையில் வாங்கப்பட்ட இன்னொரு ஆடு செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தைக்குப் போய், அங்கிருந்து வேறொரு லாரியில் ஏறியிருக்கும். யாரும் எந்தத் தவறும் செய்யாமலே ஒரு வாரத்துக்குள் நோய் இரண்டு மூன்று மாவட்டம் தாண்டிவிடும்.

இது ஏழை நாட்டின் குறை என்று எண்ணிவிடக் கூடாது. 2001-இல் பிரிட்டனில் கோமாரி நோய் வந்தது. பிப்ரவரி 19-ஆம் தேதி எசெக்ஸ் பகுதியில் ஒரு இறைச்சிக் கூடத்தில் பன்றிகளில் அது முதலில் கண்ணில் பட்டது. ஆனால் அதற்குப் பல நாள் முன்பே நாட்டின் வடக்கே ஒரு பண்ணையிலிருந்து செம்மறிகளுக்குத் தொற்றி, ஹெக்ஸம், லாங்டவுன் சந்தைகள் வழியாக ஐம்பதுக்கும் மேற்பட்ட பண்ணைகளை எட்டியிருந்தது. செம்மறியில் கோமாரி லேசாகத்தான் தெரியும். அதனால் யாரும் ஐயப்படவில்லை. கால்நடை நடமாட்டத்தை 23-ஆம் தேதி முழுதாக நிறுத்தியும் பயனில்லை. அறுபது லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகளைக் கொன்றுதான் அதை அடக்க முடிந்தது. ஆய்வகங்களுக்கும் கால்நடை மருத்துவர்களுக்கும் அங்கே என்ன குறை? அவர்களைத் தோற்கடித்தது முதல் ஆட்டுக்கும் முதல் தகவலுக்கும் இடையில் கழிந்த நாட்கள்தான்.

கரிசலில் சந்தையைத் தவிர இன்னொரு பாதையும் உண்டு. அறுவடை முடிந்து காடு காய்ந்ததும் கீதாரிகள் மந்தையை ஓட்டிக்கொண்டு நஞ்சைப் பக்கம் கிளம்புவார்கள். வயலில் கிடை போட்டால் நிலத்துக்கு எரு, ஆட்டுக்கு மேய்ச்சல், கீதாரிக்குக் கூலி. ரசாயன உரம் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே தமிழ்நாட்டு வயல்களுக்கு உயிர் கொடுத்த ஏற்பாடு இது. நோய்க்குப் பயந்து இதை நிறுத்தச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே தடுப்பூசி போட்டுவிட்டு, வழியில் புது ஆடு வாங்கினால் அதைக் கொஞ்ச நாள் தனியே கட்டி வைத்தால், கிடை தன் வேலையைத் தடையில்லாமல் செய்யும்.

எல்லா நோய்க்கும் ஒரே மருந்து இல்லாதது போல, எல்லா நோய்க்கும் ஒரே நடவடிக்கையும் கிடையாது. அதற்கு நீலநாக்கு நோயே சாட்சி. தென்னாப்பிரிக்காவில் முதலில் அறியப்பட்ட இந்நோய் இந்தியாவில் 1964-இல் மகாராஷ்டிரத்தில் பதிவாயிற்று. 1997-98-இலும் 2005-இலும் தமிழ்நாட்டுச் செம்மறிகளை அது கடுமையாகத் தாக்கியது. இதற்கும் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் மூக்கொழுக்கும் உண்டு என்பதால் ஆட்டுக்கொல்லியோடு குழம்ப வாய்ப்பு அதிகம். ஆனால் நீலநாக்கில் உதடும் முகமும் வீங்கும். ஆடு நொண்டும். குளம்பும் தோலும் சேரும் விளிம்பைப் பார்த்தால் செந்நிறக் கோடு ஓடியிருக்கும். பெரும்பாலும் செம்மறிதான் படுக்கும். பக்கத்தில் நிற்கும் வெள்ளாடு நலமாக மென்றுகொண்டிருக்கும். பரவும் வழியும் வேறு. ஈரச் சாணத்திலும் சேற்றிலும் பெருகும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு வகைக் கடிப் பூச்சிகள் அதைச் சுமக்கின்றன. வடகிழக்குப் பருவமழையோடு நோய் வருவது அதனால்தான். இங்கே ஆட்டைத் தனியாகக் கட்டினால் மட்டும் போதாது. சாணத்தை அள்ளி, தண்ணீர் தேங்காமல் பார்த்து, அந்தி சாயும் வேளையில் புகை போட்டுப் பூச்சியை விரட்ட வேண்டும். ஐந்து வகை நீலநாக்கு வைரஸ்களுக்கு எதிரான தடுப்பூசி ஒன்றும் இந்தியாவிலேயே உருவாகியிருக்கிறது. 2006-இல் இதே நோய் நெதர்லாந்தில் தோன்றி வட ஐரோப்பா முழுக்கப் பரவியபோது, குளிர் நாட்டுக்கு இது வராது என்று நம்பியிருந்தவர்கள் திகைத்துப் போனார்கள்.

எந்த நோய் எந்த நாட்டுக்கு அந்நியம் என்பதும் நிலையானதில்லை. 1920-இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலில் போன மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கப்பட்டன. அவற்றோடு வெக்கையும் இறங்கி பெல்ஜியத்து மாடுகளுக்குத் தொற்றியது. அந்த அதிர்ச்சிதான் நாடுகளை ஒன்றுகூட வைத்தது. 1924-இல் பாரிசில் உலக விலங்கு நல அமைப்பு பிறந்தது. அந்தக் கதையில் வெளிநாட்டு நோயை அனுப்பியவர்கள் நாம்.

கோழிக்கு வருவோம். குளத்தூர் வீட்டுப் புழக்கடையில் நாட்டுக்கோழி கழுத்து முறுக்கிக் கொண்டு, வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து செத்தால் அது வெள்ளைக்கழிச்சல் என்று எல்லோருக்கும் தெரியும். பறவைக் காய்ச்சலும் ஏறக்குறைய இதே கோலத்தில்தான் வரும். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூர்ப் பண்ணைகளில் முதன்முதலாக இந்தியாவில் அது உறுதியானது. 2014 இறுதியில் கேரளத்து ஆலப்புழைப் பகுதியில் வாத்துகள் செத்து மிதந்தன. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகத்தால்தான் இறுதி முடிவு சொல்ல முடியும். ஆகவே ஊரில் ஒரே நேரத்தில் பல வீட்டுக் கோழிகள் செத்தால், காகமோ கொக்கோ சேர்ந்து விழுந்தால், அறுத்துக் குழம்பு வைக்கக் கூடாது, வெறுங்கையால் தூக்கிக் கண்மாயில் எறியவும் கூடாது. இது மனிதருக்கும் தொற்றக்கூடிய வைரஸ். வெள்ளைக்கழிச்சலுக்குத் தவறாமல் தடுப்பூசி போட்டு வைத்தால் இன்னொரு நன்மை உண்டு: ஊசி போட்ட கோழிகள் கூட்டமாகச் செத்தால் ஐயம் உடனே எழும்.

இனி தகவல் சொல்வதைப் பற்றி. விலங்குகளின் தொற்று நோய்களைத் தடுக்க 2009-இல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம், பட்டியலிட்ட நோய் ஒன்று இருப்பதாக ஐயம் வந்தாலே உரிமையாளர் கிராம அலுவலரிடமோ ஊராட்சியிடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. சட்டம் சரிதான். ஆனால் மூக்கு ஒழுகும் பத்து ஆட்டை வைத்திருப்பவரின் கணக்கு வேறு. இன்றைக்குச் சந்தைக்கு ஓட்டினால் பாதி விலையாவது கிடைக்கும். நாளைக்குச் செத்தால் புதைக்கும் செலவும் அவர் தலையில். அவரைப் பேராசைக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பறவைக் காய்ச்சலில் அரசு கொன்றழிக்கும் கோழிக்கும், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலில் கொன்றழிக்கும் பன்றிக்கும் இழப்பீடு தரும் ஏற்பாடு இருக்கிறது. ஆட்டுக்கொல்லியில் கொன்றழிக்கும் முறை இல்லாததால் அந்த இழப்பீடும் இல்லை. காப்பீடு செய்து வைத்தவருக்கே ஏதாவது கிடைக்கும். நோயை முதலில் சொல்பவருக்கு நட்டம், மறைத்து விற்பவருக்கு லாபம் என்றிருக்கும்வரை எந்த விழிப்புணர்வு முகாமும் பாதிக்குமேல் பலிக்காது. முதல் தகவல் தரும் ஆட்டுக்காரருக்கு, செத்த ஆட்டுக்கு ஈடாக ஒரு தொகை தரப்பட வேண்டும். சந்தை சந்தையாகப் பரவியபின் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகை.

இத்தனைக்கும் நடுவில் நம்பிக்கைக்கு இடமிருக்கிறது என்பதை வெக்கை நோயின் முடிவு காட்டுகிறது. இந்தியாவில் அதன் கடைசிப் பாதிப்பு 1995-இல் வட ஆர்க்காட்டுப் பகுதியில் பதிவானது. 2006-இல் இந்தியா வெக்கை நோயற்ற நாடாக அங்கீகரிக்கப்பட்டது. 2011-இல் உலகத்திலிருந்தே அது ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனிதர்கள் முற்றாக ஒழித்த இரண்டாவது நோய் அது. ஆட்டுக்கொல்லியிடமும் அதே பலவீனங்கள் உள்ளன. ஒரே ஊசி எல்லா வகை வைரஸையும் தடுக்கும். ஒரு முறை போட்டால் மூன்றாண்டுக்குக் குறையாமல் காக்கும். நோய் வந்து பிழைத்த ஆடு வைரஸைச் சுமந்து திரிவதில்லை. 1987-இல் அரசூர் ஆட்டிலிருந்து எடுத்த அதே வைரஸை வீரியமிழக்கச் செய்து, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஒரு தடுப்பூசியை உருவாக்கியது. இமாச்சலத்தின் சுங்ரியில் எடுத்த வைரஸிலிருந்து இன்னொரு தடுப்பூசியும் நாட்டில் புழக்கத்தில் இருக்கிறது. உணவு வேளாண்மை அமைப்பும் உலக விலங்கு நல அமைப்பும் ஆட்டுக்கொல்லியை உலகிலிருந்து ஒழிக்கக் குறித்திருக்கும் ஆண்டு 2030.

கஷ்டம் எங்கே என்றால், ஆட்டு மந்தை வேகமாகப் புதுப்பிக்கப்படுவதில்தான். இரண்டு மூன்று ஆண்டில் பாதிக்குமேல் புதுக் குட்டிகள் வந்துவிடும். தாய்ப்பால் தந்த எதிர்ப்பு மூன்று, நான்கு மாதத்தில் தேய்ந்துவிடும். ஆகவே போன ஆண்டு ஊசி போட்ட மந்தை என்று இந்த ஆண்டு சும்மா இருக்க முடியாது. நான்கு மாதம் தாண்டிய ஒவ்வொரு குட்டிக்கும் போட்டாக வேண்டும்.

ஆகவே ஆடு வளர்க்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். மந்தையில் இரண்டு ஆடு ஒரே நேரத்தில் மேய்ச்சலை நிறுத்தி, மூக்கும் கண்ணும் ஒழுகி, கழியத் தொடங்கினால் அந்த வாரச் சந்தைக்கு உங்கள் மந்தையிலிருந்து ஒரு ஆடும் போக வேண்டாம். நோய் கண்டதைத் தனியே கட்டி, வேறு ஆளை வைத்துக் கவனியுங்கள்; முடியாவிட்டால் மற்ற ஆடுகளைப் பார்த்துவிட்டுக் கடைசி வேலையாக அதைக் கவனியுங்கள். செத்ததை ஓடையில் போடாமல் ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். 1962 என்ற எண்ணுக்குப் பேசினால் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கும் சொல்லுங்கள். என்ன நோய் என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. "வழக்கமா வர்ற மாதிரி இல்லை" என்ற ஒரு வார்த்தை போதும். அதை அன்றைக்கே சொல்லுங்கள்.